மீசைக்காரரின் எட்டு விமானங்கள்

நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மொத்தம் எட்டுப் பக்கம். அச்சானது ஒரே ஒரு பிரதி. வாசகரும் ஒரே ஒருவர்தான்; அவருக்கு அப்போது வயது ஆறு, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அச்சகம், துபாய் அல் கூஸில் நான் வேலை பார்த்த ஏசி கம்பெனியின் பிரின்டர். கம்பெனிக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்த அன்று என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கதை ரொம்பச் சின்னது. பெரிய மீசை வைத்த விஞ்ஞானி ஒருவருக்குப் பறக்க ஆசை. பக்கத்துக்கு ஒரு விமானம் கட்டுகிறார். எதுவும் பறக்க மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான். குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்று எழுதியது. எழுதியவனுக்குப் புரியாத ஒரு விஷயம் அந்தக் கதைக்குள் இருந்தது என்பது எழுதி முடித்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்த சமாச்சாரம். நான் அப்போது டிராஃப்ட்ஸ்மேன். பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போகிற தகரக் குழாய் எந்த வழியாகப் போக வேண்டும், எந்த உத்தரத்தில் இடிக்கும், எந்த ஒயர்க்காரன் வந்து சண்டை போடுவான் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது வேலை. குடியிருந்தது ஷார்ஜா ரோலாவில். மனைவியும் மகளும் திருச்சியில். வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. அந்த முப்பது நாளும் நான் வீட்டில் விருந்தாளி. காபி டம்ளரைக்கூடக் கழுவ விடமாட்டார்கள்.

மகள் பிறந்ததிலிருந்து அப்படி ஐந்து லீவு முடிந்திருந்தது. பிறகு சம்பளம் கொஞ்சம் ஏறி, குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. போனில் சொன்னபோது மனைவி குதிக்கவில்லை. என் மனைவி எதற்கும் உடனே குதிக்கிற ரகம் இல்லை. நான் பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான்.

"முதல்ல விசிட் விசாவுல வர்றோம்" என்றாள். "மார்ச்சுக்குள்ள அங்க ஸ்கூல்ல இடம் கேக்கணும், இங்க இருக்கற ஸ்கூல்லயும் சொல்லணும். பாப்பா உங்களோட ஒட்டிக்கிட்டா இருக்கோம். ஒட்டலைன்னா நான் அவளைக் கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"ரெண்டே நாள்ல ஒட்டிக்குவா பாரு. என்கிட்ட ஒட்டாத ஆளு யாராவது இருக்காங்களா?"

"அதான் பயமா இருக்கு."

நான் சும்மா சொல்லவில்லை. பேச்சிலர் ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். அதில் சிரிப்பு இலாகா என்னுடையது. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாம்பார் கொதிக்கும்போது நான் மேனேஜர் மாதிரி நடித்துக் காட்டினால் ஏழு பேரும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்த வாரத்தில் வேறு சிரிப்பு கிடையாது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி முதல் வாரம் இருவரும் வந்து இறங்கினார்கள். ஷார்ஜா ஏர்போர்ட் வாசலில் என் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மையோடு நின்றேன். மகள் கரடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். டாக்சியில் கரடிக்கும் எனக்கும் முன்சீட்டு. டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர், கரடிக்கு பெல்ட் போடச் சொன்னார். அதற்குக்கூடப் பின்சீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் எடுத்திருந்தது ஸ்டூடியோ ஃப்ளாட். அதாவது ஹால், படுக்கையறை, சாப்பாட்டறை எல்லாம் ஒரே அறை. அந்த அறையில் ஒரு குழந்தை என்னோடு பேசாமல் இருப்பதற்கு நிஜமாகவே திறமை வேண்டும். என் மகளுக்கு இருந்தது. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுவாள். கேட்ட கேள்விக்குத் தலையாட்டுவாள். நான் மூக்குக்குள் காசை விட்டுக் காதுவழியாக எடுத்தபோது, "கையிலயே வச்சிருக்கீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு மரியாதை. வீட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் பேசுகிற மாதிரி.

இரண்டாம் நாள் தோசை சாப்பிடும்போது அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க லீவு எப்ப முடியும்?"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகள் பேசிவிட்டாள்!

"லீவா? எனக்கா? எனக்கு ஏதும்மா லீவு! லீவே கிடையாது!" என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தோசையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள்.

அன்று சாயங்காலம் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டாள். பணம் அனுப்புகிற கடையில் இலவசமாகக் கொடுத்த காலண்டர், பெரிய பெரிய எண்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள். வந்து இறங்கிய தேதியில் ஒரு பெருக்கல் குறியும் போட்டாள். அதற்குப் பிறகு தினமும், நான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டுகிற நேரத்தில், ஸ்டூலைப் போட்டு ஏறி அன்றைய தேதியில் ஒரு பெருக்கல் குறி போடுவாள்.

"அது என்ன வட்டம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"கேட்டுப் பாத்துட்டேன். சொல்ல மாட்டேங்கிறா."

எனக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. ஊருக்குப் போகிற நாளைத் தானே முடிவு செய்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஜெயிலில் சுவரில் கோடு கிழிப்பார்களே, அந்த மாதிரி. ஜெயிலர் நான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டால் சட்டையை மாட்டுகிற கை அப்படியே நின்றுவிடும்.

எங்கள் ஸ்டாஃப் வேன் காலை ஐந்தேகாலுக்கு வரும். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகிற சாலை அந்தக் காலத்தில் ஆறு மணிக்கு மேல் சாலை இல்லை, பார்க்கிங். அதனால் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவேன். லைட் போடமாட்டேன். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளை விரலால் அணைத்துப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொள்வேன். இதில் எனக்கு நல்ல பயிற்சி. ஒவ்வொரு லீவு முடியும்போதும் அப்படித்தான் கிளம்புவேன். குழந்தை முழித்திருந்தால் அழும், ஏர்போர்ட் கிளம்புகிற நேரத்தில் அழக்கூடாது, தூங்கும்போதே போய்விடு என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வளைகுடாவில் இருக்கிற முக்கால்வாசி அப்பன்கள் இப்படித்தான் கிளம்பி வந்திருப்பார்கள். அந்தத் திறமையை நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

முதல் வாரம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டில் வரைந்தேன். கட்டிலின் நாலு காலிலும் நாலு சீலிங் ஃபேன் மாட்டினேன். மேலே மீசையோடு ஒரு ஆளை உட்கார வைத்தேன். ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் நாலும் அசையாமல் நின்றன, கட்டில் சுற்றியது. அடுத்த கட்டத்தில் அவர் தலைசுற்றி இறங்கி, ஒரு விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொல்கிறார்.

பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, கண்டுகொள்ளாத மாதிரி டீ குடித்தேன். மகள் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். விளக்குக் கம்பத்துக்கு வந்தபோது ஒரு சத்தம் வந்தது. முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்றும் சிரிப்பும் கலந்து வருகிற சத்தம். என் டீ ஆறிப்போனது.

"அப்புறம் எங்க போனார்?" என்று கேட்டாள்.

"எங்கேயும் போகலை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டார்."

"அதை ஏன் போடலை?"

"போடணுமா?"

"போடணும்."

எங்கள் தொழிலில், வரைபடத்தின் ஒரு சின்னப் பகுதியை மட்டும் ஓரத்தில் கட்டம் போட்டுத் தனியாக விளக்கிக் காட்டுவோம். அந்த மாதிரி, பக்கத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, மீசைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுவதை வரைந்து மறுநாள் கொண்டுவந்தேன். அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். விமானத்தைவிட அதிக நேரம்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கம். இரண்டாவது விமானம் பிரஷர் குக்கர். மூன்று விசில் வந்ததும் மேலே கிளம்ப வேண்டும். மூன்றாவது விசிலில் மீசைக்காரரின் மனைவி வந்து அடுப்பை அணைத்துவிட்டார். மூன்றாவது விமானத்தில் டிஷ் ஆன்டெனாக்களை இறக்கையாகக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதித்தார். பறக்கவில்லை, ஆனால் வயிற்றில் நாலு சேனல் தெளிவாகத் தெரிந்தது. நான்காவது, இருநூறு புறாக்கள் தூக்குகிற கூடை. ஒரு அடி தூக்கின. அந்த நேரம் பார்த்துக் கீழே ஒருவர் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். ஐந்தாவது, சூப்பர்மார்க்கெட் பைகளை ஒட்டிச் செய்த பலூன். காற்று வந்தது, பைகள் பறந்தன, அவர் பறக்கவில்லை. ஆறாவது எங்கள் கம்பெனித் தகரக் குழாயில் ராக்கெட். உள்ளே படுத்தவருக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். ஏழாவதில் ஒட்டகம் இழுக்க வேண்டும். ஒட்டகம் உட்கார்ந்துவிட்டது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் சிரித்தாள். பிறகு மூலையைச் சரிபார்ப்பாள். "சாப்பிடறார்" என்று விரல் வைத்துச் சொல்வாள். ஏழாவது பக்கத்தன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்கை அவள் தோளில் படுகிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்து பார்த்தாள். நான் மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

அடுக்களையிலிருந்து மனைவி பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சான்றிதழ்.

ஆனால் பெருக்கல் குறி நிற்கவில்லை. ஸ்டூல் தினமும் இழுபட்டது. சிவப்பு வட்டத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி.

சரி, இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் போதும் என்று நினைத்தேன். கதையைப் பிரமாதமாக முடிக்க வேண்டும். ஏழு தடவை தோற்றவர் எட்டாவது தடவை ஜெயிக்க வேண்டாமா? எந்தப் புத்தகம் என்றாலும் அதுதானே முடிவு? அன்று சாயங்காலம் அவளிடம் அறிவித்தேன்.

"பாப்பா, கடைசிப் பக்கம் வரப்போகுது. அதுல மீசைக்காரர் நிஜமாவே பறக்கப் போறார்!"

"வேண்டாம்."

"ஏன்?"

"விழுந்துடுவார்."

"விழ மாட்டார்! இந்தத் தடவை அப்படியே ஜிவ்வுன்னு மேல போயி, கட்டடத்துக்கு மேல, மேகத்துக்கு மேல, சின்னப் புள்ளியாப் போயி..." கட்டிலில் ஏறி நின்று கையை விரித்துக் காட்டினேன். நாற்பதைத் தொடப்போகிற ஆள், வாயால் இன்ஜின் சத்தம் வேறு.

அவள் எழுந்து அம்மாவிடம் போய்விட்டாள். அன்றிலிருந்து மறுபடியும் பேச்சில்லை. தலையாட்டல் மட்டும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்பினேன். மறுநாள் மத்தியானம் என் வாழ்நாளிலேயே மிக நல்ல படத்தை வரைந்தேன். நீளமான வெள்ளை இறக்கை, கீழே ரோலாவின் மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், மேலே மீசை காற்றில் பறக்க அவர். பிரின்ட் கொடுத்துவிட்டு எழுந்தேன். அப்போது சைட்டிலிருந்து போன். பேசி முடித்து பிரின்டரிடம் போனால் படம் இல்லை.

தேடாத இடமில்லை. காகிதம் தீர்ந்திருக்கும் என்று நினைத்து மறுபடி எடுக்கப் போனால், ஃபைலைச் சேமிக்காமலே மூடியிருந்தேன். ஏசிக் குழாயை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சேமிப்பவன், மகளின் படத்தைச் சேமிக்கவில்லை. வீட்டில் போய், "நாளைக்கு, நாளைக்கு" என்றேன். அவள் கேட்கவே இல்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

படம் எங்கே போனது என்பது எட்டு நாள் கழித்துத் தெரிந்தது.

நாங்கள் வரைகிறதை நாங்களே கட்டிவிட முடியாது. கன்சல்டன்ட் என்று ஒரு ஆபீஸ் இருக்கும். எங்கள் வரைபடங்களைக் கட்டாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பார்த்து ஒரு முத்திரை குத்துவார்கள். 'ஏ' என்றால் சரி. 'பி' என்றால் சரி, ஆனால் திருத்து. 'சி' என்றால் சரியில்லை, மறுபடி வரைந்து அனுப்பு. நான் மீசைக்காரரை வரையும்போதெல்லாம் கம்பெனியின் பெயர், கட்டம், எண் போடுகிற இடம் எல்லாம் தானாகவே ஓரத்தில் வந்துவிடும்; அதை அழிக்கச் சோம்பல். எட்டாம் பக்கம் என்பதால் எண் எட்டு என்று போட்டிருந்தேன். அன்று அனுப்ப வேண்டிய கட்டுக்குள் ஏழாம் எண் இருந்தது, ஒன்பது இருந்தது, எட்டு மட்டும் வராமல் இருந்தது.

கட்டுகளை அனுப்புகிறவர் ஒரு மலையாளி. பிறகு அவர் கண்ணில் நீர் வரச் சொன்னார்: "சாரே, எட்டாம் நம்பர் கிட்டாம நாலு நாளா நான் தேடி நடக்கறேன். பிரின்டர்ல எட்டுன்னு கண்டப்ப, என்டெ தெய்வமேன்னு எடுத்து வச்சு. படம் யாரு நோக்கறது!"

மேனேஜர் பாலஸ்தீனக்காரர், ஆறடி. கூப்பிட்டார். மேஜையில் மீசைக்காரர் பறந்துகொண்டிருந்தார். அவர் நெஞ்சின் மேலேயே பெரிய முத்திரை, 'சி'.

"ஷூ ஹாதா? வாட் இஸ் திஸ்?"

"டிராயிங், சார்."

"ஐ நோ டிராயிங்! ஒய் மேன் ஃப்ளையிங்?"

"மிஸ்டேக், சார். ஃபார் மை டாட்டர்."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "வேர் இஸ் ஹி கோயிங்?"

நானும் படத்தைப் பார்த்தேன். வரைந்தவனுக்கு அது தெரியாது. மேலே போகிறார் என்பதோடு சரி.

"மாஃபி முக்!" என்றார். மூளை இல்லை என்று அர்த்தம். வளைகுடாவில் எந்த ஊர்க்காரன் சொன்னாலும் எந்த ஊர்க்காரனுக்கும் புரிகிற இரண்டு வார்த்தை. "நெக்ஸ்ட் டைம், யூ ஃப்ளை ஹோம். கலாஸ், ஃபினிஷ். யல்லா, கோ."

வெளியே வந்து பார்த்தால், சிவப்புப் பேனாவால் கன்சல்டன்ட் குறிப்பு எழுதியிருந்தார். இறக்கை எதில் தாங்கி நிற்கிறது என்று காட்டப்படவில்லை. மீசையின் நீளம் குறிப்பிடப்படவில்லை. தீயணைப்புத் துறையின் ஒப்புதலை இணைக்கவும். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதினாரா, கடமையாக எழுதினாரா என்பது இன்றுவரை தெரியாது. அவர் யாரென்றும் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்கு நான் கடன்பட்டவன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காட்டினேன். மேனேஜர் மாதிரி நடித்தும் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேலை போகலையே?" என்று மட்டும் கேட்டாள். மகள் மெதுவாக வந்து படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன சீல்?"

"இதுவா? பெரிய ஆபீஸர் ஒருத்தர் போட்டது. மீசைக்காரர் பறக்கக் கூடாதுன்னுட்டார்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். சிவப்பு மையில எழுதியே குடுத்துட்டார் பாரு."

"அப்ப போக மாட்டாரா?"

"எங்க?"

"பறந்தா போயிடுவார்ல. நீங்க பறந்துதானே போவீங்க."

நான் நடிப்பை நிறுத்தினேன். மேனேஜருடைய கை மாதிரி தூக்கி வைத்திருந்த என் கை இன்னும் மேலேயே இருந்தது.

"உங்களுக்கும் இந்த சீல் போடுவாரா?" என்று கேட்டாள். "நாளையோட முப்பது நாள் ஆகுது."

மனைவிக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்தது. திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். வட்டத்துக்கு முந்தைய கட்டம்வரை வரிசையாகப் பெருக்கல் குறிகள். அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து இருபத்தொன்பது. ஊருக்குப் போகிற நாளை அவள் எண்ணவே இல்லை. நான் போகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா முப்பது நாள்தான் இருப்பார். இடம் மாறினால் கணக்கு மாறுமா என்ன? சாயங்காலம் நான் வந்து நின்ற பிறகுதான் குறி போடுவாள். இன்றைக்கும் இருக்கிறார் என்று. அதைத்தான் நான் ஜெயில் சுவர்க் கோடு என்று நினைத்திருந்தேன்.

"நான் எங்கேயும் போகலை பாப்பா" என்றேன். "நான் இருக்கறதே இங்கதான். ஊருக்கு வரும்போதுதான் லீவு. இது லீவு இல்லை."

"தினமும் காலையில போயிடறீங்க."

"அது டூட்டிக்கு."

"சொல்லாம போறீங்க."

"நீ தூங்கிட்டிருப்பேடா..."

"எப்பவுமே நான் தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

புகாராகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள். ஐந்து தடவை படுக்கையில் அப்பாவோடு படுத்து, ஐந்து தடவை அப்பா இல்லாத படுக்கையில் எழுந்தவள். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பூனை மாதிரி நடந்த அந்தத் திறமை எதற்கு உதவியது என்று யோசித்தேன். அவள் அழுவதை நான் பார்க்காமல் இருக்க உதவியது. அழுகை நின்றதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு குழந்தை ஏழு விமானங்கள் விழுந்ததற்குச் சிரித்தால் என் நகைச்சுவை உணர்ச்சியை மெச்சிக்கொள்ளத் தெரிந்த எனக்கு, அவள் மூலையில் இருந்த சாம்பார் சாதத்தை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு அவளை எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க" என்றாள் மனைவி. "அழுதா அழட்டும்."

மறுநாள் காலை லைட்டைப் போட்டேன். ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். எவ்வளவு சத்தம் வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மகளைத் தொட்டு எழுப்பினேன். ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அப்பா டூட்டிக்குப் போறேன்."

"எப்ப வருவீங்க?"

"சாயங்காலம் ஆறரைக்கு."

அழுவாள் என்று தயாராக நின்றேன். "சரி" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்றைக்கென்று பார்த்து அல் கூஸிலிருந்து கிளம்பிய வேன், ஷார்ஜா எல்லையில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றது. நின்றது என்றால் டிரைவர் இறங்கிப் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார், அதுவரை லாரி நகரவில்லை. ஆறரை ஆனது. ஏழு ஆனது. அந்தச் சாலையில் பல வருஷமாக அப்படி உட்கார்ந்து வந்தவன்தான் நான். ஜோக் சொல்லிக்கொண்டு வருவேன். அன்று பேசவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

லிஃப்ட் கதவு திறந்தபோது மணி ஏழே முக்கால். வராந்தாவில் மகள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை. கதவுக்குப் பக்கத்தில் அம்மா.

"ஆறரைன்னு சொன்னே?"

"டிராஃபிக் பாப்பா."

"என்ன டிராஃபிக்?"

"ஒரு லாரி..."

"லாரிக்குப் பின்னாடி ஏன் போனே?"

சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டேன். சொன்னால் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் சொல்லக் கூடாது, போன் எதற்கு இருக்கிறது என்று வரிசையாக வந்தது. பாதி அவள் அம்மாவின் வசனம். பல் இல்லாததால் நடுநடுவே காற்று. பக்கத்து ஃப்ளாட் மங்களூர்க்காரம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

திட்டு முடிந்ததும் மனைவி என் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு வர்ற வழியில அந்த ஸ்கூல் ஃபார்ம் வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள். "இவளைக் கூட்டிட்டுப் போயிட்டா உங்களை யாரு கேள்வி கேக்கறது? ஆனா ஆறரைன்னு சொல்லிட்டுப் போகாதீங்க. ஏழே முக்கால்னே சொல்லிடுங்க."

அப்படியே சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் சாலையில் ஒரு லாரிகூட இல்லை. ஃபார்மையும் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கே வந்து, பாராட்டை எதிர்பார்த்து மணியை அடித்தேன். கதவு திறந்தது.

"ஏழே முக்கால்னு சொன்னே?" என்று அதற்கும் ஒரு விசாரணை நடந்தது.